எலக்ட்ரிக் கிட்டார்ல எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்துல கழட்டலாமா? நெக், பெயின்ட் ரெண்டுக்கும் பயமா இருக்கு

ஆறுகம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்டு ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல வாங்கியிருக்கேன், செர்ரி சன்பர்ஸ்ட் கலர், பாடில ஒரு கீறல் கூட கிடையாது, முன்னாடி வச்சிருந்தவர் வாசிச்சதை விட தொடச்சதுதான் அதிகம் போல. ஆனா ஸ்ட்ரிங் மட்டும் கருத்துப்போய் தொட்டா விரல்ல கறை ஒட்டுது, ட்யூனும் நிக்க மாட்டேங்குது. அகூஸ்டிக்ல ஸ்ட்ரிங் மாத்தி பழக்கம் உண்டு, அது பின்னைப் புடுங்கி சொருகுற வேலை, எலக்ட்ரிக்ல இதுதான் முதல் தடவை.

ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. பேண்ட்ல கூட வாசிக்கிற ஃப்ரெண்ட் எல்லாத்தையும் ஒரே நேரத்துல கழட்டினா நெக் பின்னாடி வளைஞ்சிடும், ஒண்ணு ஒண்ணாதான் மாத்தணும்னு அடிச்சு சொல்றான். யூட்யூப்ல பாத்தா எல்லாரும் மொத்தமா கழட்டி ஃப்ரெட்போர்டெல்லாம் (நெக் மேல விரல் வச்சு அமுக்குற மரப்பலகை) தொடச்சு ஜம்முனு மாட்டுறாங்க. எனக்கு ஃப்ரெட்போர்டையும் சுத்தம் பண்ணணும், அதுல குறுக்கே இருக்கிற உலோக ஃப்ரெட் ஓரத்துல எல்லாம் அழுக்கு படிஞ்சு கிடக்கு. வீட்ல தேங்காய் எண்ணெய் தடவலாமா, லெமன் ஆயில்தான் வேணுமா? கடைல 10-46 செட் (மெல்லிசு ஸ்ட்ரிங் 0.010 இன்ச், தடிச்சது 0.046) ஒண்ணு குடுத்தாங்க, இப்ப இருக்கறது என்ன சைஸ்னு தெரியல. தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.

பேஸ்மேன்_மதுரை:

ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க, ஒண்ணு ஒண்ணா மாத்திட்டுப் போங்க, ஒண்ணும் ஆகாது.

செட்டப்_அண்ணாச்சி:

தம்பி, நான் கிட்டார் செட்டப், ஃப்ரெட் வேலை பாக்கிறவன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கிடுங்க.

முதல்ல அந்த வளைஞ்சிடும் பயம். 10-46 செட்டை ஸ்டாண்டர்டு ட்யூனிங்ல ஏத்தினா லெஸ் பால் நீளத்துக்கு ஆறு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து சுமார் 44 கிலோ இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிரா நெக்குக்குள்ள ட்ரஸ் ராடுன்னு ஒரு இரும்புக் கம்பி இருக்கு, கிப்சன் கம்பெனில வேலை பாத்த தாடியஸ் மக்ஹ்யூங்கிறவர் பேர்ல 1923ல பேட்டன்ட் ஆனது. ஸ்ட்ரிங்கை எடுத்துட்டா இழுப்பு போகும், ராடு மட்டும் தள்ளும், நெக் ஒரு மயிரிழை பின்னால போகும், அது நெசம்தான். மறுபடி மாட்டி ட்யூன் பண்ணுன கொஞ்ச நேரத்துல பழைய இடத்துக்கு வந்துரும். ஃப்ரெட் லெவல் பண்ணும்போது, நட் (நெக் நுனில ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் போட்ட துண்டு) மாத்தும்போது எல்லா ஸ்ட்ரிங்கையும் உருவிட்டு நாள்கணக்குல பெஞ்சுல போட்டுத்தான் வேலை பாக்கோம், எந்த நெக்கும் முறுக்கிக்கிட்டுப் போனதில்ல. ஸ்ட்ரிங்கே இல்லாம மாசக்கணக்குல மூலைல சாத்தி வைக்கிறதுதான் தப்பு.

உங்க ஃப்ரெண்ட் சொல்றது ஒரு வகை கிட்டாருக்கு ரொம்ப சரி, அதையும் சொல்லிடுறேன். ஃப்ளாய்டு ரோஸ் மாதிரி மிதக்கிற பிரிட்ஜ் (பாடில ஸ்ட்ரிங்கைத் தாங்குற உலோகத் துண்டு) இருந்தா, முன்னாடி ஸ்ட்ரிங் இழுக்கும், பின்னாடி ஸ்ப்ரிங் இழுக்கும், ரெண்டும் சமமா இருக்கிறதாலதான் அது நடுவுல நிக்குது. ஸ்ட்ரிங் மொத்தத்தையும் எடுத்தா ஸ்ப்ரிங் பிரிட்ஜை சரக்குனு உள்ள இழுத்துரும், குழியோட ஓரத்துல பெயின்ட் உதிரலாம், அப்புறம் திரும்ப ட்யூன் பண்றதுக்குள்ள தாவு தீந்துரும், ஒண்ணைச் சரி பண்ணினா மத்த அஞ்சும் மாறும். அதுல ஒண்ணு ஒண்ணா மாத்துறதுதான் வழி, இல்லன்னா பிரிட்ஜுக்கு அடில அளவா ஒரு மரக்கட்டையோ துணி சுத்துன 9 வோல்ட் பேட்டரியோ வச்சு அசையாம நிறுத்திட்டு எடுக்கணும்.

உங்களோடது ட்யூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ், ஸ்ட்ரிங்கோட முனையை மாட்டுறதுக்குத் தனியா ஸ்டாப் டெயில்பீஸ். அதுல நெக்கைப் பத்தி கவலையே வேண்டாம், பாடிக்குத்தான் ஆபத்து. ஏன்னா அந்த ரெண்டு உலோகத் துண்டையும் பிடிச்சு வச்சிருக்கிறது பெரும்பாலும் ஸ்ட்ரிங்கோட அழுத்தம் மட்டும்தான். கடைசி ஸ்ட்ரிங் லூசானதும் கிட்டாரைக் கொஞ்சம் சாய்ச்சா போதும், டெயில்பீஸ் கழண்டு வந்து வால்யூம் நாப் பக்கமா சறுக்கும். பர்ஸ்ட் கலர் மேல அந்தக் கோடு விழுந்தா ஜென்மத்துக்கும் போகாது. நான் பாத்த லெஸ் பால் கீறல்ல பாதி அந்த இடத்துலதான் இருக்கும்.

அதனால தொடங்குறதுக்கு முன்ன பிரிட்ஜை மேலருந்து ஒரு போட்டோ, பக்கத்துலருந்து ஒரு போட்டோ எடுத்துக்கிடுங்க. குட்டி ஸ்க்ரூ எல்லாம் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற துண்டு) பக்கம் பாக்குதா டெயில்பீஸ் பக்கம் பாக்குதான்னு தெரியணும், திருப்பி மாட்டிட்டா இன்டொனேஷன், அதாவது ஒவ்வொரு ஃப்ரெட்லயும் சுருதி சரியா நிக்கிறது, போயிரும். டெயில்பீஸுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவுல, நாப் பக்கம், ஒரு பழைய பனியன் துணியை விரிச்சிருங்க. வேட்டித் துணியும் நல்லா இருக்கும். டர்க்கி டவல் வேண்டாம், நூல் ஸ்க்ரூல மாட்டும். உங்க சட்டை பட்டன், பெல்ட் பக்கிள், வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் கழட்டிட்டு உக்காருங்க, கீறல் போடுறதுல ஸ்ட்ரிங்கை விட பக்கிள் மோசம்.

நெக்குக்கு அடில, ஹெட்ஸ்டாக்குக்குக் (கீ இருக்கிற தலைப்பகுதி) கொஞ்சம் முன்ன, ஒரு டவலை உருட்டி வைங்க. லெஸ் பால்ல ஹெட்ஸ்டாக் பின்னால சாஞ்சு இருக்கும், மேசைல மட்டமா படுக்க வச்சா மொத்த பாரமும் அதோட நுனில உக்காரும். இந்த மாடல்ல ஒடையுற இடமே நட்டுக்குப் பின்னாடிதான், அந்த இடத்துல ட்ரஸ் ராடுக்காக மரத்தைக் குடைஞ்சிருக்காங்க.

இறுக்கமா இருக்கிற ஸ்ட்ரிங்கை எக்காரணம் கொண்டும் நிப்பர் வச்சு வெட்டாதீங்க. ட்யூனிங் கீயைத் திருப்பி நல்லா தொளதொளன்னு ஆகுற வரைக்கும் இறக்கிட்டு அப்புறம் வெட்டுங்க. இழுவைல வெட்டினா முனை துள்ளும், கண்ணுக்கும் ஆபத்து, பெயின்ட்டுக்கும் ஆபத்து. வெட்டின பிறகு கீல சுத்தியிருந்த சுருள் பக்கத்தை டெயில்பீஸ் ஓட்டை வழியா உருவாதீங்க, அந்தக் கொக்கி வர்ற வழியெல்லாம் பாடியைப் பிறாண்டிக்கிட்டே வரும். சுருளைத் தனியா வெட்டிப் போட்டுட்டு நேரா இருக்கிற துண்டை மட்டும் பின்பக்கமா தள்ளுங்க. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட் மாதிரி பாடி வழியா ஸ்ட்ரிங் போற கிட்டார்ல இது இன்னும் முக்கியம். வெட்டின துண்டெல்லாம் உடனே ஒரு டப்பால போட்டுருங்க, பிக்கப்ல காந்தம் இருக்கு, சின்னத் துண்டு அதுல போய் ஒட்டிக்கிடும், இல்லாட்டி வீட்ல யார் கால்லயாவது ஏறும்.

பிரிட்ஜைக் கையில எடுத்தா கீழ இருக்கிற வட்டத் திருகு ரெண்டையும் தொடாதீங்க, தன்னால சுத்தினாலே ஆக்ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங் நிக்கிற உயரம்) மாறிரும். அதுல ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டா நிம்மதி. அதே மாதிரி நட்டையும் லேசா தொட்டுப் பாருங்க, சிலதுல பசை விட்டுப் போயி ஸ்ட்ரிங் அழுத்தத்துலயே நின்னுக்கிட்டிருக்கும், விழுந்தா தேடணும்.

எண்ணெய் சமாச்சாரம் ராத்திரி எழுதுறேன், கடைல ஆள் வந்துட்டாங்க.

மெதுவா_வாசி:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் ஓகே, ஆனா ஒரு சின்ன விஷயத்துல எனக்கு வேற கருத்து. ஃப்ரெட்போர்டு சுத்தம் பண்ற வேலை இல்லன்னா ட்யூன்-ஓ-மேட்டிக் கிட்டார்லயும் ஒண்ணு ஒண்ணா மாத்துறதுதான் சுலபம், பிரிட்ஜ் விழாது, டெயில்பீஸ் விழாது, போட்டோ எடுக்கிற வேலையும் இல்ல. புதுசா பண்றவங்களுக்கு எந்த ஸ்ட்ரிங் எந்த கீல எந்தப் பக்கமா சுத்தியிருக்குன்னு பக்கத்து ஸ்ட்ரிங்கைப் பாத்தே தெரிஞ்சுக்கலாம் இல்லையா. பிக்ஸ்பி (கையால ஆட்டுற ஸ்ப்ரிங் வச்ச டெயில்பீஸ்) போட்டிருக்கிறவங்களும் இப்படித்தான் பண்ணணும், மொத்தமா எடுத்தா பிரிட்ஜ் நிக்காது, ஸ்ப்ரிங் வேற கழண்டு ஓடும். வருஷத்துல ஒரு தடவை ரெண்டு தடவை மட்டும் மொத்தமா கழட்டி சுத்தம் பண்ணினா போதும்னு என் அபிப்பிராயம்.

ஆறுகம்பி:

அண்ணாச்சி கோடி நன்றி, இவ்ளோ விவரமா யாரும் சொன்னதில்ல. எனக்கு சுத்தம் பண்ணியே ஆகணும், அழுக்கு அவ்ளோ இருக்கு, அதனால மொத்தமா கழட்டத்தான் போறேன். எண்ணெய் பத்தியும், கீல எத்தனை சுத்து சுத்தணும்னும் சொல்லிடுங்க. அகூஸ்டிக்ல நான் ஆறேழு சுத்து சுத்துவேன், அது சரியா?

யாழ்_டெலி:

நான் டொரொண்டோவில இருக்கிறன். அண்ணாச்சி சொன்னதோட ரெண்டு விஷயம் சேக்கலாம் எண்டு நினைக்கிறன்.

முதலாவது ஃபினிஷ், அதாவது மேற்பூச்சு. எபிஃபோனுக்கு அடிக்கிறது பாலி ஃபினிஷ், நல்ல கெட்டி, லேசில ஒண்டும் செய்யாது. ஆனா அமெரிக்காவில செய்யிற கிப்சனுக்கு இப்பவும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்தான் அடிக்கினம், அது வேற கதை. அதில சானிடைசர், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர் ஒரு துளி பட்டாலே இளகிப்போகும். கிட்டார் ஸ்டாண்டில இருக்கிற ரப்பர், ஃபோம், வைனில் ஸ்ட்ராப் எல்லாம் நைட்ரோவோட ஒட்டி நிரந்தர அடையாளம் வச்சிடும். ஸ்ட்ரிங் மாத்தேக்க கழுத்துக்குக் கீழ ரப்பர் மேட் வைக்கிற ஆக்கள் இருக்கினம், நைட்ரோ கிட்டார் எண்டா அதுக்கு மேல ஒரு பருத்தித் துணியைப் போடுங்கோ. உங்கட கிட்டாருக்கு இந்தக் கவலை குறைவு, ஆனா இதை வாசிக்கிற வேற ஆரிட்டயும் கிப்சன் இருக்கலாம்தானே.

ரெண்டாவது, நெக் அசையிறதுக்கு ஸ்ட்ரிங் மாத்துறதை விடப் பெரிய காரணம் காத்தில இருக்கிற ஈரம். இங்க விண்டர்ல ஹீட்டர் போட்டா வீட்டுக்குள்ள ஹியூமிடிட்டி 30 வீதத்துக்கும் கீழ போயிடும், ஃப்ரெட்போர்டு மரம் சுருங்கி, ஃப்ரெட்டிட நுனியெல்லாம் ஓரத்தில துருத்திக்கொண்டு நிக்கும், கை வழுக்கேக்க கிழிக்கும். எனக்கு எண்ணெய் உண்மையிலேயே தேவைப்படுறது அந்த நேரத்திலதான். சென்னை மாதிரிக் கடற்கரை ஊரில பிரச்சினை மற்றப் பக்கம், மரம் காயாது, ஸ்ட்ரிங்தான் கெதியாத் துருப்பிடிக்கும். 45இல இருந்து 55 வீதத்துக்குள்ள வச்சிருந்தா நல்லது. சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒண்டு கேஸுக்குள்ள போட்டு வைச்சாலே எல்லாம் விளங்கிடும்.

செட்டப்_அண்ணாச்சி:

வந்துட்டேன். யாழ் டெலி சொன்னது நூத்துக்கு நூறு, கடலோர ஊர்க்காரங்க எண்ணெயைப் பத்திக் கவலைப்படுறதை விட்டுட்டு கேஸுக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பை போட்டு, வாசிச்சு முடிச்சதும் ஸ்ட்ரிங்கை ஒரு உலர்ந்த துணியால மேலயும் அடிலயும் தொடச்சா ஆயுசு கூடும்.

முதல்ல உங்க ஃப்ரெட்போர்டு என்ன மரம்னு பாருங்க. 2020க்குப் பிறகு வந்த எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்டுன்னா இந்தியன் லாரல், அதுக்கு முந்தினதுல ரோஸ்வுட்டோ பாவ் ஃபெரோவோ இருக்கலாம். இது ஏன் மாறுச்சுன்னா, 2017 ஜனவரில ரோஸ்வுட் வகை எல்லாத்தையும் சைட்டிஸ் (அழியுற உயிரினங்களோட வர்த்தகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டுவந்தாங்க, கிட்டார் ஏற்றுமதிக்குப் பேப்பர் வேலை கூடிப்போச்சு, கம்பெனிக்காரங்க வேற மரத்துக்குத் தாவினாங்க. 2019 நவம்பர்ல முடிச்ச இசைக்கருவிகளுக்கு விலக்கு குடுத்தாச்சு, ஆனா தாவினவங்கள்ல பல பேர் திரும்பி வரல. இந்தியன் ரோஸ்வுட்னு உலகம் பூரா சொல்றாங்களே, அது வேற ஒண்ணுமில்ல, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரம்தான், தோதகத்தின்னும் சொல்லுவாங்க. பழைய வீட்டுக் கட்டில், பீரோவுல பாத்திருப்பீங்க.

இந்த மூணு மரத்துக்கும் மேல பூச்சு கிடையாது, அதனால எண்ணெய் ஏத்தலாம். ஃபெண்டர்ல வர்ற பளபளக்கிற மேப்பிள் ஃப்ரெட்போர்டுக்கு மேல லாக்கர் இருக்கும், அதுக்கு எண்ணெய் தேவையே இல்ல, ஈரம் லேசா பட்ட துணி போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி. கெட்டுப்போயிரும்னு சொல்ல மாட்டேன், ஆனா பிசுபிசுப்பு நிக்கும், அதுல தூசி ஒட்டும், ஊட்டி பக்கம்னா உறைஞ்சு வெள்ளையா பூத்துரும். நல்லெண்ணெய் அதை விட மோசம். எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு தேய்க்கிறவங்களும் இருக்காங்க, அது அமிலம், ஃப்ரெட்டையும் கெடுக்கும் மரத்தையும் கெடுக்கும். கிட்டார் கடைல லெமன் ஆயில்னு விக்கிறது பெரும்பாலும் மினரல் ஆயில்ல வாசனை சேத்ததுதான். அது கிடைக்கலன்னா மெடிக்கல் ஷாப்ல லிக்விட் பாரஃபின்னு கேளுங்க, அதுவும் மினரல் ஆயில்தான், விலையும் கம்மி. துணில நாலு சொட்டு விட்டு முழு ஃப்ரெட்போர்டுக்கும் தேய்ச்சு, அஞ்சு நிமிஷம் விட்டு, மிச்சத்தை உலர்ந்த துணியால சுத்தமா எடுத்துருங்க. மரத்து மேல ஈரமா மினுங்கினா நீங்க அதிகமா விட்டுட்டீங்கன்னு அர்த்தம். வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல வேண்டாம்.

அழுக்கை முதல்ல எடுக்கணும், எண்ணெய் பிறகுதான். பழைய ஏடிஎம் கார்டை ஃப்ரெட் ஓரமா நிறுத்தி மரத்தோட இழைப் போக்குலயே லேசா சுரண்டுங்க, கட்டிக் கட்டியா வரும், அருவருப்பா இருக்கும், அதெல்லாம் முன்னாடி வச்சிருந்தவரோட விரல் வேர்வை. மென்மையான பழைய டூத் பிரஷும் நல்லா வேலை செய்யும். ஸ்டீல் வுல் வச்சுத் தேய்க்கிறதைப் பல வீடியோல காட்டுவாங்க, அதோட தூள் பறந்து பிக்கப் காந்தத்துல போய் ஒட்டினா எடுக்கவே முடியாது. தேய்ச்சே ஆகணும்னா ரெண்டு பிக்கப்பையும் மாஸ்கிங் டேப்பால முழுசா மூடிட்டுப் பண்ணுங்க.

பாடிக்கு, வாயால ஆவி ஊதி மைக்ரோஃபைபர் துணியால தொடச்சா முக்காவாசி போயிரும். கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே, மரச்சாமான் பாலிஷ், கார் பாலிஷ் எதுவும் வேண்டாம். சிலிக்கான் இருக்கிற பாலிஷ் போட்டுட்டா பின்னால எங்கயாவது டச்சப் பண்ணணும்னு வரும்போது அந்த இடத்துல லாக்கர் பிடிக்காது, என்னை மாதிரி ஆளுங்களுக்குத்தான் தலைவலி.

சுத்து: ஆறேழு ரொம்ப அதிகம். அத்தனை சுத்தும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்து, பெண்ட் பண்ணும்போது (ஸ்ட்ரிங்கை வளைச்சு வாசிக்கும்போது) நழுவி ட்யூன் போகும். தடிச்ச மூணுக்கு ரெண்டு ரெண்டரை சுத்து, மெல்லிசு மூணுக்கு மூணு மூணரை. ஓட்டைல விட்டு இழுத்துப் பிடிச்சு, ஒண்ணரை ரெண்டு இன்ச் பின்னால தளர்த்தி, அந்த இடத்துல மடக்கிட்டுச் சுத்தினா கணக்கா வரும். சுத்து மேலருந்து கீழ இறங்கணும், அப்பத்தான் நட்டுல நல்லா அழுந்தி உக்காரும். உங்க ஹெட்ஸ்டாக்ல மூணு மூணா ரெண்டு பக்கமும் கீ இருக்கு, எந்தப் பக்கமா இருந்தாலும் ஸ்ட்ரிங் கீயோட உள்பக்கமா வரணும், வெளிப்பக்கமா போனா தப்பா மாட்டியிருக்கீங்க.

மாட்டும்போது முதல்ல ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற ஈ ஸ்ட்ரிங்கையும் மாட்டி பாதி இறுக்கம் குடுத்துருங்க, பிரிட்ஜும் டெயில்பீஸும் இடத்துல உக்காந்துரும், அப்புறம் மத்த நாலும் பயமில்லாம மாட்டலாம். லெஸ் பால்ல ஜி ஸ்ட்ரிங் நட்டுல சிக்கி டங்குனு ஒரு சத்தத்தோட ட்யூன் தாண்டும், அதுக்கு நட்டு பள்ளத்துல 2பி பென்சிலைத் தேய்ச்சு விடுங்க. எல்லாம் மாட்டின பிறகு ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் 12வது ஃப்ரெட் பக்கமா விரலால லேசா தூக்கி இழுத்து, ட்யூன் பண்ணி, மறுபடி இழுத்து, ட்யூன் இறங்காம நிக்கிற வரைக்கும் பண்ணுங்க. ஒட்டுமொத்த பலத்தையும் காட்டாதீங்க, மெல்லிசு ஈ பட்டுனு அறுந்துரும்.

ஆறுகம்பி:

மாட்டியாச்சு! பாடில ஒரு கோடு கூட விழல, ஃப்ரெட்போர்டு அடியோட வேற கலர்ல இருக்கு, லிக்விட் பாரஃபின் வாங்கப் போனப்ப மெடிக்கல் ஷாப்காரர் வயிறு சரியில்லையான்னு கேட்டார். பழைய ஸ்ட்ரிங்கை பேக்கெட்ல இருந்ததோட ஒப்பிட்டுப் பாத்தா அது 9-42 போல, மெல்லிசா இருந்துச்சு. இப்ப சவுண்டு சும்மா அள்ளுது, ஆனா நடு ஃப்ரெட்ல ஸ்ட்ரிங் முன்னை விட உயரமா தெரியுது, அமுக்கக் கஷ்டமா இருக்கு. இது நெக் வளைஞ்சதால தானா? பிரிட்ஜைக் கீழ இறக்கவா?

மெதுவா_வாசி:

பிரிட்ஜைத் தொடாதீங்க இன்னும். 9ல இருந்து 10க்கு வந்தா இழுப்பு அஞ்சுல ஒரு பங்கு கூடும், நெக் அந்த அளவுக்கு முன்னால வரும், அதுதான் நடுவுல உயரமா தெரியுது. நெக் கெட்டுப்போகல, ட்ரஸ் ராடு பழைய செட்டுக்கு ஏத்த மாதிரி நிக்குது, அவ்ளோதான். ஒரு நாள் அப்படியே விட்டுப் பாருங்க.

செட்டப்_அண்ணாச்சி:

ஆமா, ஒரு நாள் பொறுத்து அளந்துட்டு முடிவு பண்ணுங்க. முதல் ஃப்ரெட்ல ஒரு கேப்போ (எல்லா ஸ்ட்ரிங்கையும் அமுக்கிப் பிடிக்கிற கிளிப்) போடுங்க, நெக் பாடில சேர்ற இடத்துல தடிச்ச ஈ ஸ்ட்ரிங்கை விரலால அமுக்குங்க, இப்ப 7வது 8வது ஃப்ரெட் மேல ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. 0.010 இன்ச், அதாவது கால் மில்லிமீட்டர் இருந்தா அருமை. இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் இல்லன்னு கவலைப்படாதீங்க, புது செட்டோட மெல்லிசு ஈ ஸ்ட்ரிங் சரியா அதே 0.010 இன்ச்தான், நீங்க வெட்டிப்போட்ட துண்டு ஒண்ணை நடுவுல நுழைச்சுப் பாருங்க. லேசா உரசிக்கிட்டுப் போனா ஒண்ணும் பண்ண வேண்டாம். தாராளமா ஆடுச்சுன்னா ஹெட்ஸ்டாக்ல இருக்கிற மணி வடிவ மூடியைக் கழட்டி, ராடை வலப்பக்கமா கால் சுத்து, அதுக்கு மேல வேண்டாம், திருப்பிட்டு ட்யூன் பண்ணி மறுபடி அளங்க. ஆலன் கீ உள்ள போய் ஆடாம கச்சிதமா உக்காரணும், கொஞ்சம் லூசா இருந்தாலும் அந்த சைஸ் தப்பு, உள்ள இருக்கிற அறுகோணம் தேஞ்சிரும், அதுக்கப்புறம் செலவு கிட்டார் விலைக்கு வந்துரும். முக்கினாலும் திரும்பலன்னா விட்டுட்டு யார்கிட்டயாவது குடுத்துப் பாத்துக்கிடுங்க. மூடியோட ஸ்க்ரூ ரொம்பக் குட்டி, துணி விரிச்சு அது மேல வச்சுக் கழட்டுங்க.

நெக் சரியான பிறகும் உயரமா இருந்தாதான் பிரிட்ஜுக்கு அடில இருக்கிற அந்த வட்டத் திருகைத் தொடணும். கடைசியா இன்டொனேஷன், 12வது ஃப்ரெட்ல ஹார்மோனிக் (ஸ்ட்ரிங்கை அமுக்காம லேசா தொட்டு) அடிச்சுப் பாருங்க, அதே ஃப்ரெட்டை அமுக்கி அடிச்சுப் பாருங்க, அமுக்கினது ட்யூனர்ல கூடுதலா காட்டுச்சுன்னா பிரிட்ஜ் மேல அந்த ஸ்ட்ரிங் உக்கார்ற சாடிலைப் பின்னாடி தள்ளணும், குறைச்சலா காட்டுச்சுன்னா முன்னாடி. ஸ்ட்ரிங்கைத் தளர்த்திட்டுத்தான் அந்த ஸ்க்ரூவைத் திருப்பணும், இறுக்கத்தோட திருப்பினா ஸ்க்ரூ தலை போயிரும்.

பேஸ்மேன்_மதுரை:

இதுக்குத்தான் ஒண்ணு ஒண்ணா மாத்துங்கன்னேன் 😄

மெதுவா_வாசி:

ப்ரோ ஒண்ணு ஒண்ணா மாத்தியிருந்தாலும் 10 போட்டா ஆக்ஷன் ஏறத்தான் செய்யும், அது கேஜ் (ஸ்ட்ரிங் தடிமன்) மாறினதால வந்தது.